ஒரு துளையின் அளவு

வரலாற்றுப் பாடம் என்றால் முடியரசர்களும் படையெடுப்புகளும் ஆண்டுக் கணக்குகளுமே மாணவர்களின் நினைவுக்கு வருவது இயல்பு. 34 ஆண்டுகள் பள்ளியில் அவற்றைக் கற்பித்த எனக்கு அவற்றின்மீது பகை ஒன்றும் இல்லை. ஆயினும் இன்று உங்கள் முன் வைக்க விரும்புவது, விரல் நுனியில் அடங்கக்கூடிய ஒரு பித்தளைத் துண்டின் வரலாறு. அத்துண்டின் நடுவே ஒரு துளை உண்டு. அத்துளை எவ்வளவு பெரிதாக இருத்தல் வேண்டும் என்னும் கேள்விக்கு 1941-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு பெண்மணி விடை கண்டார். அதே கேள்வியைத்தான் இன்று நம் ஊர்ப் பட்டறைகளில் இளைஞர்கள் வேறு பெயரால் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

அவர்கள் கேட்பது இன்ஜெக்டரைப் பற்றி. பெட்ரோலை மிக நுண்ணிய தூவலாக இயந்திரத்துக்குள் பீச்சும் சிறு குழலுக்கு இன்ஜெக்டர் என்று பெயர். அதற்குள் ஒரு மின்காந்த வால்வு உண்டு. மின்சாரம் பாயும்போது திறக்கும், நின்றவுடன் மூடும். 2020 ஏப்ரல் முதல் நாளன்று பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகை விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தபின், புதிய மோட்டார் சைக்கிள்களிலும் பழைய கார்புரேட்டர் போய் இந்த இன்ஜெக்டர் வந்துவிட்டது. வண்டியின் வேகம் போதவில்லை என்று இயந்திரத்தைத் திருத்தி வலிமை கூட்ட முனையும் இளைஞன், காற்று வரும் வழியை அகலப்படுத்துகிறான். டர்போ என்னும் காற்றழுத்தியைப் பொருத்துகிறான். பிறகு மெக்கானிக்கிடம், “பெரிய இன்ஜெக்டராகப் போட்டுவிடுங்கள் அண்ணே” என்கிறான். எவ்வளவு பெரிது? அங்கேதான் பேச்சு நின்றுவிடுகிறது.

இயந்திரம் உண்பது இரண்டு பொருள்களை. ஒன்று காற்று, மற்றொன்று பெட்ரோல். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். முழு வலிமையும் தேவைப்படும்போது பெட்ரோலைச் சற்று மிகுத்து, ஒரு பங்குக்குப் பன்னிரண்டரை அல்லது பதின்மூன்று பங்கு காற்று என்ற அளவில் கொடுப்பது வழக்கம். பெட்ரோல் குறைந்தால் என்ன ஆகும்? இயந்திரம் வலிமை குன்றும், அவ்வளவுதானே என்று பலர் எண்ணுகிறார்கள். முழுச் சுமையில் பெட்ரோல் குறைந்தால் சிலிண்டருக்குள் உஷ்ணம் அளவு கடந்து ஏறும்; கலவை தானாகவே நேரந்தவறி வெடிக்கும். மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்று சொல்லும் அந்தத் தட்டல் தொடர்ந்தால் பிஸ்டனில் துளை விழும். பெட்ரோல் மிகுந்தாலோ கரும்புகை எழும்; பிளக்கில் கரி படியும்; எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்விடும். மிகவும் மிகுந்தால் இயந்திரமே மூச்சுத் திணறி நின்றுவிடும். இந்தக் கடைசித் தீங்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதை அதில்தான் தொடங்குகிறது.

பெட்ரோல் இயந்திரம் பிறந்த நாள் முதலே அளந்து கொடுப்பது ஒரு சிக்கலாகவே இருந்து வந்தது. 1893-இல் ஜெர்மானியரான வில்ஹெல்ம் மேபாக், பெட்ரோலைத் தூவலாக்கும் கார்புரேட்டரை அமைத்தார். வானொலியில் படம் வரைந்து காட்ட இயலாது. ஆகவே மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். ஒரு சிறு கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கிறது. அதில் ஒரு மிதவை மிதக்கிறது. பெட்ரோல் மட்டம் உயர்ந்தால் மிதவையும் உயர்ந்து, வரும் வழியை ஒரு ஊசியால் அடைத்துவிடும். மட்டம் தாழ்ந்தால் திறந்துவிடும். நம் வீட்டு மாடித் தொட்டியில் இருக்கும் மிதவைக் குழாய்க்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. கிண்ணத்திலிருந்து ஒரு நுண்துளை வழியாக, இயந்திரம் இழுக்கும் காற்று பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டு போகிறது. அந்த நுண்துளையை ‘ஜெட்’ என்பார்கள். எளிமையான, அழகான ஏற்பாடு. அரை நூற்றாண்டுக்கு மேல் உலகத்தின் வண்டிகளும் விமானங்களும் பெரும்பாலும் இதை நம்பியே ஓடின.

ஆனால் மாடித் தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் மிதவை என்ன செய்யும்?

இந்தக் கேள்வி தரையில் ஓடும் வண்டிக்கு வேண்டாத கேள்வி. வானத்தில் பறக்கும் போர் விமானத்துக்கு உயிர்க் கேள்வி. 1940-ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தின் வான்வெளியில் பெரும் போர் மூண்டது. ஆங்கிலேயரின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் என்னும் இரு போர் விமானங்களிலும் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் மெர்லின் என்ற 12 சிலிண்டர், 27 லிட்டர் இயந்திரம். அதற்குப் பெட்ரோல் அளந்தது மிதவை வைத்த எஸ்.யூ. கார்புரேட்டர். எதிரே வந்த ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தின் டெய்ம்லர் பென்ஸ் 601 இயந்திரத்தில் கார்புரேட்டரே இல்லை. டீசல் இயந்திரத்துக்காக 1927 முதல் தொடர்ந்து உற்பத்தி செய்யப்பட்டு வந்த பாஷ் நிறுவனத்தின் பீச்சுப் பம்பு, அங்கே பெட்ரோல் இயந்திரத்துக்கும் வந்துவிட்டது. பம்பு ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் பெட்ரோலை அழுத்தத்தோடு நேரே பீச்சியது. விமானம் நிமிர்ந்து பறந்தாலும் கவிழ்ந்து பறந்தாலும் பம்புக்குக் கவலையில்லை.

ஆங்கிலேயப் பொறியியலாளர் அறியாமையால் கார்புரேட்டரை வைத்துக்கொண்டிருந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. காற்றழுத்திக்கு முன்பாகவே பெட்ரோல் காற்றில் கலந்து ஆவியாகும்போது அக்காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. ஆகவே அதே கொள்ளளவில் வலிமை கூடுகிறது. இந்த ஆதாயத்தை இழக்க அவர்களுக்கு மனமில்லை. கணக்குப் போட்டுத்தான் அவ்வழியைத் தேர்ந்தார்கள். கணக்கில் சேராமல் போனது, விமானி திடீரென்று மூக்கைக் கீழே தள்ளும் அந்த ஒரு கணம்.

ஜெர்மானிய விமானி ஆபத்து நேர்ந்தால் கட்டையை முன்னே தள்ளி நேராகக் கீழே பாய்ந்துவிடுவார். ஆங்கிலேய விமானி அவ்வாறே செய்தால், ஊஞ்சல் உச்சியிலிருந்து இறங்கும்போது நம் வயிறு மேலே எழுவது போலக் கிண்ணத்துப் பெட்ரோல் முழுவதும் மேல் மூடிக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். அடியில் உள்ள ஜெட் காற்றை உறிஞ்சும். இயந்திரம் முதலில் ஒரு கணம் பெட்ரோலின்றி விக்கும். அடுத்தபடி மிதவை குழம்பிப் போகும். பெட்ரோல் மேலே போய்விட்டதால் மிதவை அடியை நோக்கித் தள்ளப்படும். “கிண்ணம் காலி” என்று அது தவறாகச் சொல்ல, ஊசி முழுவதும் திறந்துகொள்ளும். பம்பு தன் முழுத் திறனோடு பெட்ரோலைக் கொட்டும். பம்பின் முழுத் திறனோ இயந்திரத்துக்கு எப்போதும் வேண்டியதைக் காட்டிலும் பன்மடங்கு பெரிது. கார்புரேட்டர் நிரம்பி வழிந்து, கரும்புகை கக்கி, இயந்திரம் திணறி அடங்கிப் போகும். போர்க்களத்தின் நடுவில், எதிரியின் துப்பாக்கி முனையில், வலிமையற்ற விமானம். ஆங்கிலேய விமானிகள் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: முதலில் விமானத்தைப் பக்கவாட்டில் உருட்டிக் கவிழ்த்து, பிறகு கீழே பாய்வார்கள். அப்போது பெட்ரோல் தன் இடத்தில் இருக்கும். ஆனால் அந்த உருட்டலுக்குள் எதிரி எட்டிப் போய்விடுவான்.

பார்ன்பரோ என்னும் ஊரில் இருந்த அரசு விமான ஆராய்ச்சி நிலையத்தில் இச்சிக்கலை எடுத்துக்கொண்டவர் பீட்ரிஸ் ஷில்லிங். அவரைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். நம் பாட நூல்களில் அவர் பெயர் வருவதில்லை. 1909-இல் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் ஓர் இறைச்சிக் கடைக்காரருக்கு மகளாகப் பிறந்தவர். பதினான்காம் வயதில் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். பெண்கள் பொறியியல் வகுப்பில் அமர்வதே அரிதாக இருந்த நாளில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் பயின்று 1932-இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே இயந்திரப் பொறியியலில் மேற்பட்டம். பிறகு காற்றழுத்தி பொருத்திய ஒற்றைச் சிலிண்டர் இயந்திரங்களைப் பற்றிய ஆராய்ச்சியில் உதவியாளராக இருந்தார். 1934-இல் புரூக்லாண்ட்ஸ் பந்தயச் சாலையில், தாமே திருத்தி வலிமை கூட்டிய நார்ட்டன் மோட்டார் சைக்கிளில் மணிக்கு 106 மைல் வேகத்தில் சுற்றி வந்து தங்க நட்சத்திரம் பெற்றார். அவரை மணக்க விரும்பிய ஜார்ஜ் நெய்லரும் அதே நட்சத்திரத்தைப் பெற்ற பிறகே திருமணத்துக்கு இசைந்தார் என்றொரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும் இருவரும் அந்நட்சத்திரத்தைப் பெற்றவர்கள்தாம். 1936-இல் ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை, தொழில்நுட்பக் குறிப்புகளை எழுதும் வேலை. எழுதுவது அவருடைய இயல்புக்கு ஒத்து வரவில்லை போலும். விரைவில் கார்புரேட்டர் ஆராய்ச்சிக்கு வந்துவிட்டார்.

அவர் சிக்கலை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். முதல் விக்கல் ஒரு கணத்தில் தீர்ந்துவிடுவது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். உயிரை வாங்குவது அடுத்து வரும் வெள்ளம். வெள்ளம் ஏன் வருகிறது? வழி அகலமாக இருப்பதனால். அப்படியானால், முழு வலிமையில் ஓடும்போது இந்த இயந்திரம் எவ்வளவு பெட்ரோல் குடிக்குமோ, சரியாக அவ்வளவை மட்டும் விடும் ஒரு துளையை வழியில் வைத்துவிட்டால்? மிதவை என்னதான் பொய் சொன்னாலும், ஊசி எவ்வளவுதான் திறந்தாலும், அத்துளை விடும் அளவுக்கு மேல் ஒரு துளியும் வராது. அந்த அளவு, முழு வேகத்தில் போரிடும் இயந்திரத்துக்குத் தேவையான அளவுதான். ஆகவே அது திணறாது.

இப்படிப் பிறந்ததே அந்தப் பித்தளைத் துண்டு. முதலில் தையற்காரர் விரலில் மாட்டிக்கொள்ளும் உறையைப் போன்ற வடிவில் இருந்தது. பின்னர் வெறும் தட்டை வாஷராகச் சுருங்கியது. பெட்ரோல் குழாய் கார்புரேட்டரைச் சேருமிடத்தில் அதைச் செருகிவிட்டால் போதும். விமானத்தைத் தொழிற்சாலைக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். அது நிற்கும் இடத்திலேயே பொருத்தலாம். 1941 மார்ச் அளவில் ஷில்லிங் ஒரு சிறு குழுவுடன் விமானத் தளம் தளமாகச் சென்று அதைப் பொருத்தினார். பல தளங்களுக்குத் தம் மோட்டார் சைக்கிளிலேயே சென்றார். விமானிகள் அதற்கு ‘மிஸ் ஷில்லிங்கின் துளை’ என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தார்கள்.

இந்த இடத்தில்தான் நம் இளைஞனின் கேள்விக்கு வருகிறோம். அத்துளை ஒரே அளவில் செய்யப்படவில்லை. இரண்டு அளவுகளில் வந்தது. காற்றழுத்தி சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு மிகையழுத்தம் தரும் இயந்திரத்துக்கு ஒன்று; 15 பவுண்டு தரும் இயந்திரத்துக்கு மற்றொன்று. ஏன் என்று பாருங்கள். மெர்லின் இயந்திரமே இடையில் திருத்தி வலிமை கூட்டப்பட்ட இயந்திரம். 87 ஆக்டேன் பெட்ரோலில் அதன் காற்றழுத்தி ஆறேகால் பவுண்டு மட்டுமே தர முடிந்தது. அதற்கு மேல் அழுத்தினால் தட்டல் வந்துவிடும். 1940-இல் 100 ஆக்டேன் பெட்ரோல் வந்ததும் அழுத்தத்தைப் 12 பவுண்டுக்கு உயர்த்தினார்கள். ஏறத்தாழ 1,030 குதிரைச் சக்தி தந்த இயந்திரம் 1,300-க்கு ஏறியது. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். 12 பவுண்டுக்குரிய துளையை 15 பவுண்டு இயந்திரத்தில் வைத்தால் முழு வேகத்தில் பெட்ரோல் பற்றாது, பிஸ்டன் கருகும். 15 பவுண்டுக்குரியதை 12-இல் வைத்தால் பழைய வெள்ளம் ஓரளவு திரும்பி வரும். இயந்திரத்தின் உச்சத் தேவை எதுவோ அதுவே துளையின் அளவைத் தீர்மானித்தது. பெரிதாக இருந்தால் நல்லது என்று யாரும் அன்று சொல்லவில்லை.

கைத்தொழில் கற்கும் மாணவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. துளை வழியே செல்லும் பெட்ரோலின் அளவு துளையின் பரப்பைச் சார்ந்தது. பரப்போ விட்டத்தின் வர்க்கத்தைச் சார்ந்தது. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் பெட்ரோல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். ஆகவே கண்ணால் பார்த்து, இன்னும் ஒரு சுற்றுத் துளையிட்டால் போதும் என்று செய்கிற வேலை இதுவன்று.

ஷில்லிங்கின் துளை ஒரு தற்காலிக மருந்து என்பதை அவரே அறிந்திருந்தார். கவிழ்ந்தபடியே நீண்ட நேரம் பறக்க அது உதவாது. 1943-இல் மிதவையே இல்லாத அழுத்தக் கார்புரேட்டர் வந்தபின் அதன் தேவை குறைந்தது. போருக்குப் பிறகும் ஷில்லிங் அதே நிலையத்தில் பணியாற்றி 1969-இல் ஓய்வு பெற்றார். இடையில் அவரும் கணவரும் மோட்டார் சைக்கிளை விட்டுக் காருக்கு மாறி, பெரிதும் திருத்தியமைத்த ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் கார் ஒன்றில் குட்வுட் பந்தயச் சாலையில் ஓட்டினார்கள். 1990-இல் அவர் காலமானார்.

போர் முடிந்ததும் பீச்சுப் பம்பு தரைக்கு இறங்கியது. 1954-இல் மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல். என்ற கார் நியூயார்க்கில் காட்சிக்கு வந்தது. அதன் மூன்று லிட்டர் இயந்திரத்தில் பாஷ் பம்பு நேரே சிலிண்டருக்குள் பீச்சியது. கார்புரேட்டரோடு 115 குதிரைச் சக்தி தந்த ஓர் இயந்திரத்தின் வழிவந்தது, இங்கே 215 தந்தது. பெருமைக்குரிய வெற்றிதான். ஆனால் அதிலும் அளவு மீறிய பெட்ரோலின் தொல்லை ஒன்று ஒளிந்திருந்தது. பம்பு இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டது. சாவியைத் திருப்பி நிறுத்திய பிறகு, இயந்திரம் முற்றும் ஓய்வதற்குள் சுற்றும் சில சுற்றுகளில், எரியப் போகாத பெட்ரோலை அது பீச்சிக்கொண்டே இருந்தது. அது எண்ணெயில் கலந்து எண்ணெயை நீர்க்கச் செய்தது. உரிமையாளர்கள் எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டியதாயிற்று.

பம்பை விடுத்து மின்சாரத்தால் அளக்கலாம் என்று அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனம் எண்ணியது. 1957, 58-ஆம் ஆண்டுகளில் எலக்ட்ரோஜெக்டர் என்ற பெயரில் அதைக் கார்களில் வைத்தும் பார்த்தார்கள். அக்காலத்து மின் உறுப்புகள் உஷ்ணத்தையும் குலுக்கலையும் தாங்கவில்லை. விற்ற கிறைஸ்லர் கார்களிற் பெரும்பாலானவற்றுக்குக் கார்புரேட்டரையே திரும்பப் பொருத்திக் கொடுத்தார்கள். அந்தக் காப்புரிமைகள் பாஷ் நிறுவனத்தின் கைக்கு வந்து, 1967-இல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் டி-ஜெட்ரோனிக் என்ற பெயரில் வெற்றி பெற்றன. அமெரிக்காவின் புகை விதிகளே அதற்கு உந்துதல். 1976-இல் புகைக் குழாயில் ஓர் உணர்வியை வைத்து, எரிந்த கலவையில் பெட்ரோல் மிகுந்ததா குறைந்ததா என்று சுவைத்துப் பார்க்கும் ஏற்பாடு வால்வோ காரில் வந்தது. லாம்டா உணர்வி என்று அதைச் சொல்லுவார்கள். இன்று உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியிலும் அதன் வழித்தோன்றல் உண்டு.

இந்த மாற்றத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஷில்லிங்கின் துளை எப்போதும் திறந்தே இருந்தது. அதற்கு அளவு மட்டுமே உண்டு. மின் இன்ஜெக்டருக்கு அளவும் உண்டு, காலமும் உண்டு. ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைக் கணிப்பொறி தீர்மானிக்கிறது. நிமிஷத்துக்கு 6,000 முறை சுற்றும் நான்கு வீச்சு இயந்திரத்தில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பெட்ரோல் வேண்டும். அதற்குக் கிடைக்கும் காலம் ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 20 மில்லி விநாடி. அதிலும் முழு நேரமும் திறந்து வைத்தால் வால்வு சூடேறித் தடுமாறும். ஆகவே நூற்றுக்கு எண்பது பங்கு, 16 மில்லி விநாடிக்குள் வேலையை முடிக்கும்படி அளவைத் தேர்ந்துகொள்வது அனுபவசாலிகளின் வழக்கம்.

தொட்டியும் குழாயும் என்று ஒரு கணக்கு ஏழாம் வகுப்பில் போட்டிருப்பீர்கள். எத்தனையோ மாணவர் அதனால் கணக்கையே வெறுத்தார்கள். அதே கணக்குத்தான் இது. தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 100 குதிரைச் சக்தி தரும் நான்கு சிலிண்டர்க் கார் ஒன்று. காற்றழுத்தி இல்லாத இயந்திரம் முழு வலிமையில் ஒரு குதிரைச் சக்திக்கு மணிக்கு ஏறத்தாழ 227 கிராம் பெட்ரோல் குடிக்கும் என்று கொள்ளலாம். ஆக மணிக்கு 22,700 கிராம். நிமிஷத்துக்கு 378 கிராம். பெட்ரோல் நீரினும் இலேசானது. ஒரு கன சென்டிமீட்டர் 0.74 கிராம் எடை. ஆகவே நிமிஷத்துக்கு 511 கன சென்டிமீட்டர். நான்கால் வகுத்தால் சிலிண்டருக்கு 128. எண்பது பங்கு நேரமே திறந்திருக்கும் என்பதனால் 128-ஐ 0.8-ஆல் வகுக்க, 160. நிமிஷத்துக்கு 160 கன சென்டிமீட்டர் விடும் இன்ஜெக்டர் அக்காருக்குப் போதும்.

இப்போது நம் இளைஞன் டர்போ வைத்து அதே இயந்திரத்தை 160 குதிரைச் சக்திக்கு உயர்த்துகிறான். வலிமை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். இன்ஜெக்டரும் அவ்வளவுதானே என்று தோன்றும். அழுத்திய காற்றில் உஷ்ணம் மிகுதி; தட்டலைத் தவிர்க்கப் பெட்ரோலைச் சற்றுத் தாராளமாகக் கொடுத்துக் குளிர்விக்க வேண்டும். ஆகவே ஒரு குதிரைச் சக்திக்கு 275 கிராம் என்று கொள்க. மணிக்கு 44,000 கிராம், நிமிஷத்துக்கு 733 கிராம், 991 கன சென்டிமீட்டர், சிலிண்டருக்கு 248, எண்பது பங்குக்கு வகுத்தால் 310. வலிமை 1.6 மடங்கு ஏற, இன்ஜெக்டர் ஏறத்தாழ இரு மடங்காக வேண்டியிருக்கிறது. பழைய இன்ஜெக்டரையே வைத்து ஓட்டினால் அது நேரம் முழுவதும் திறந்திருந்தும் பெட்ரோல் பற்றாது. டர்போ வைத்த பல இயந்திரங்கள் முதல் மாதத்திலேயே பிஸ்டனைப் பறிகொடுப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

சரி, 310 போதுமென்றால் 600 வாங்கி வைத்துவிட்டால் பிற்காலத்துக்கும் ஆகுமே என்று ஒரு பழைய மாணவன் என்னிடம் வாதாடினான். அவன் பட்டறை வைத்திருப்பவன்; பள்ளியில் இருந்த நாளிலேயே அவனுடைய சைக்கிளில் எதுவும் செய்த கம்பெனியின் அளவில் இருந்ததில்லை. அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். சிக்னலில் வண்டி நிற்கும்போது இயந்திரம் நிமிஷத்துக்கு 800 சுற்றில் சும்மா ஓடுகிறது. அப்போது வேண்டிய பெட்ரோல் மிகச் சிறிது. 160 அளவுள்ள இன்ஜெக்டர் ஒவ்வொரு முறையும் 3 மில்லி விநாடி திறந்தால் போதும் என்று வைத்துக்கொள்வோம். அதில் வால்வு எழுந்து திறப்பதற்கே ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி கழிந்துவிடும்; உண்மையில் பீச்சுவது இரண்டு மில்லி விநாடி. 310 வைத்தால் அது ஒன்றாகிறது. 600 வைத்தால் ஏறத்தாழ அரையாகிறது. வால்வு திறந்து முடிவதற்குள் மூட வேண்டிய நிலை. ஒருமுறை சற்று மிகும், மறுமுறை சற்றுக் குறையும். இயந்திரம் இருமிக்கொண்டே ஓடும், புகை நாறும், பெட்ரோல் வீணாகும். பந்தயச் சாலையில் எப்போதும் முழு வேகத்தில் ஓடும் வண்டிக்கு இது பெரிய குறையன்று. தெருவில் ஓடும் வண்டியோ தன் வாழ்நாளில் பெரும்பகுதியை மெதுவாக ஓடியே கழிக்கிறது. கணக்கில் வந்த அளவுக்கு அடுத்த பெரிய அளவு எதுவோ அதோடு நிறுத்திக்கொள்வதே முறை.

அளவை மாற்றினால் கணிப்பொறிக்கும் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அது பழைய இன்ஜெக்டர் இருப்பதாகவே நம்பிப் பழைய நேரத்துக்கே திறக்கும். பெட்ரோல் இரட்டிப்பாகப் பாயும். கவிழ்ந்த கிண்ணத்தில் மிதவை பொய் சொன்னதற்கும் இதற்கும் வேற்றுமை அதிகமில்லை. லாம்டா உணர்வி ஓரளவு திருத்தும். அதன் திருத்தத்துக்கும் எல்லை உண்டு.

சிலர் இன்ஜெக்டரை மாற்றாமல் பெட்ரோல் அழுத்தத்தைக் கூட்டிச் சமாளிக்கிறார்கள். சிறிய பற்றாக்குறைக்கு அது சரியான வழியே. ஆனால் பெட்ரோலின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. அழுத்தத்தை இரு மடங்காக்கினால் பெட்ரோல் 1.41 மடங்குதான் ஆகும். பம்பும் குழாயும் அந்த இரு மடங்கு அழுத்தத்தைத் தாங்கியாக வேண்டும். இன்ஜெக்டரின்மீது எழுதியுள்ள அளவு பெரும்பாலும் 3 பார் அழுத்தத்தில் அளந்தது என்பதையும் வாங்கும்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஒன்று. புதிதோ பழையதோ, நான்கு இன்ஜெக்டர்களையும் பொருத்துவதற்கு முன்பு நான்கு அளவுக் கண்ணாடிக் குழல்களின்மீது வரிசையாக வைத்து, ஒரே நேரத்துக்குப் பீச்சச் செய்து, திரவம் எந்தக் கோட்டில் நிற்கிறதென்று பார்க்கும் கருவி நல்ல பட்டறைகளில் இருக்கிறது. அந்தச் சோதனைக்குச் செலவிடும் பணத்தை மிச்சப்படுத்த வேண்டாம். புகைக் குழாயில் உள்ள லாம்டா உணர்வி நான்கு சிலிண்டர்களின் புகையையும் கலந்தே சுவைக்கிறது. மூன்று சற்று மிகுத்தும் ஒன்று குறைத்தும் பீச்சினால், சராசரி சரியாக இருக்கிறது என்று அது சொல்லிவிடும். குறைவாகப் பெற்ற அந்த ஒரு சிலிண்டரின் பிஸ்டனே முதலில் உருகும்.